செருப்புக்கடையிலிருந்து ஒரு ராக்கெட்

நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் ஊரில் ஆர்வில் கார்லைல் செருப்புக்கடை வைத்திருந்தார். கடையை அடைத்த பிறகு அவரைப் பிடித்தாட்டிய பைத்தியம் வாணவேடிக்கை. சகோதரர் ராபர்ட்டுக்கு மாதிரி விமானங்கள் செய்யும் பழக்கம். ராக்கெட் பறக்கும் விதத்தைப் பற்றி ராபர்ட் பேசப் போகும் இடங்களில், வாயால் சொன்னால் மட்டும் போதாது, கண்முன் ஒன்று பறந்து காட்ட வேண்டும் என்றாயிற்று. 1954-இல் ஆர்வில் ஒன்று செய்து கொடுத்தார். காகிதக் குழாய், அடியில் துடுப்புகள், நுனியில் கூம்பு, வயிற்றுக்குள் மடித்து வைத்த சிறு பாராசூட். மருந்து மட்டும் தனி. தடித்த காகித உறையில் கெட்டித்து அடைத்த அதை, பேனாவுக்கு ரீஃபில் போடுவதுபோல் அடியிலிருந்து செருகலாம். பறந்து இறங்கியதும் உருவி எறிந்துவிட்டு வேறொன்று போடலாம். 'ராக்-எ-சூட்' என்று பெயர் வைத்தார். 1958-இல் காப்புரிமையும் கிடைத்தது.

தீபாவளி ராக்கெட்டில் உடம்பும் மருந்தும் ஒன்றே. கொளுத்தினால் இரண்டும் போச்சு. கார்லைல் இரண்டையும் பிரித்துவிட்டார். பிரித்ததும் பறக்கும் பாகம் எல்லோருக்குமானதாகிவிட்டது. வீட்டில் கிடக்கும் எதைக் கொண்டும் யாரும் செய்து பார்க்கலாம், கெட்டால் வேறு செய்யலாம். எரியும் பாகம் அதில் பழகியவர் கையோடு நின்றது. குறைந்த செலவில் பெரிய ராக்கெட் விடும் இன்றைய பொழுதுபோக்கு முழுவதும் இந்த ஒரு பிரிவினைமேல்தான் நிற்கிறது.

அந்தச் செருப்புக்கடை ராக்கெட் உலகத்துக்குத் தெரிய மூன்று வருடம் ஆனது. அந்த வருடமே காலமும் மாறிவிட்டது. 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் ஏறியது. அமெரிக்கச் சிறுவர்கள் வீட்டு நிலவறைகளில் குழாய்களில் மருந்து திணிக்கத் தொடங்கினார்கள். மேற்கு வர்ஜீனியாவின் கோல்வுட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் ஹோமர் ஹிக்கமும் நண்பர்களும் விட்ட முதல் ராக்கெட், ஹிக்கமின் அம்மா வளர்த்த ரோஜாத் தோட்டத்து வேலியைப் பெயர்த்துக்கொண்டு வெடித்தது. பிறகு சுரங்கத்தின் பட்டறை ஆட்கள் அவர்களுக்கு எஃகுக் குழாய்களைக் கடைந்து கொடுத்தார்கள். பறக்க முடியாத 'ஆக்' பறவையின் பெயரை ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் எண் போட்டு வைத்தது அந்தக் கூட்டத்தின் குறும்பு. 1960-இல் தேசிய அறிவியல் கண்காட்சியில் பதக்கம் வாங்கினார்கள். ஹிக்கம் பின்னாளில் நாசா பொறியாளரானார். 1998-இல் இதையெல்லாம் நூலாக எழுதினார், அடுத்த ஆண்டே அது 'அக்டோபர் ஸ்கை' என்று படமாயிற்று. அழகான கதைதான். ஆனால் எஃகுக் குழாயில் மருந்தடைத்த எல்லாப் பிள்ளைகளுக்கும் பட்டறை மேஸ்திரிகள் வாய்க்கவில்லை. கை போனவர்களின் கதைக்குப் படம் எடுக்க யார் வருவார்கள்?

நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன், இப்படிப்பட்ட பிள்ளைகளின் கடிதங்களைப் படித்துக் கலங்கியவர். ராக்கெட் பாதுகாப்பைப் பற்றி அவர் ஓர் இதழில் எழுதியதைப் பார்த்துத்தான் கார்லைல் தன் மாதிரிகளை அவருக்கு அனுப்பினார். ஸ்டைன் விட்டுப் பார்த்தார். விடை கையில் வந்து விழுந்தது. 1957-இலேயே நிறுவனம் தொடங்கினார், சங்கமும் அமைத்தார். மருந்தடைத்த உறை, அதாவது மோட்டார்தான், நம்பகமாகக் கிடைக்கவில்லை. டென்வரில் பட்டாசுத் தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளையான வெர்னன் எஸ்டெஸ் ஒரு இயந்திரம் கட்டினார். 1959 ஜனவரியிலிருந்து சுமார் ஐந்தரை விநாடிக்கு ஒரு மோட்டார் அதிலிருந்து வந்து விழுந்தது. அதன் பெயர் மேபல். பாட்டி காலத்துப் பெயர் சூட்டப்பட்ட அந்த இயந்திரம்தான் நிலவறைச் சோதனைகளில் பெரும்பகுதிக்கு முடிவு கட்டியது. பாதுகாப்பு போதனைகள் செய்ததைவிட, கடையில் மலிவாகவும் நம்பகமாகவும் ஒரு மோட்டார் கிடைத்தது அதிகம் செய்தது.

இரும்புக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. மைசூர் ராக்கெட்டுகள் பேர் பெற்றதே இரும்புக் குழாயால்தான். காகிதமும் மூங்கிலும் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது; அதிக அழுத்தம், அதிக வேகம், அதிக தூரம். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் சிக்கி அழிந்தபோது, வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியதற்கு அந்த ராக்கெட்டுகளே காரணம் என்று சொல்வார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அள்ளிச் செல்லப்பட்ட ராக்கெட்டுகளை வைத்துத்தான் இங்கிலாந்தில் வில்லியம் காங்ரீவ் தன்னுடையதைச் செய்தார். இரும்பு சேர்ந்ததும் வாணம் ஆயுதமாயிற்று. கார்லைல் காகிதத்துக்குத் திரும்பினார், ஆயுதம் மறுபடி வாணமாயிற்று.

இன்றும் அமெரிக்க ராக்கெட் சங்கங்களின் பாதுகாப்பு விதிகளில் பறக்கும் பாகத்துக்குக் காகிதம், மரம், ரப்பர், பிளாஸ்டிக், கண்ணாடியிழை என்ற வரிசைதான். உலோகம் அவசியமென்றால் மட்டும், அதுவும் நொறுங்காமல் வளைகிற வகை. மோட்டார் வெடித்தால் காகிதம் கிழிந்து பறக்கும்; இரும்புக் குழாய் சில்லுச் சில்லாகப் பாயும். தலைகுப்புற விழுந்தால் காகிதம் கசங்கும். இரும்பு கூரையைத் துளைக்கும். மலிவான பொருள்தான் இங்கே உயிருக்கு உத்தரவாதம் உள்ள பொருளும். வாழ்க்கையில் இப்படி அமைவது அபூர்வம்.

இந்தியர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு மாட்டு வண்டி இருக்கிறது. 1981-இல் ஏவப்பட்ட 'ஆப்பிள்' செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் வைத்து எடுத்த படம் உலகமெல்லாம் சுற்றியது. ஏழை நாட்டின் விண்வெளிக் கனவு என்று ஒரு சாரார் உருகினார்கள், ஒரு சாரார் சிரித்தார்கள். இரண்டும் தப்பு. ஆன்டெனாவைச் சோதிக்கச் சுற்றிலும் உலோகம் இல்லாத மேடை வேண்டியிருந்தது. மரத்தாலான வண்டி அதற்குப் பொருத்தமாக இருந்தது. லாரி இல்லாததால் வண்டி வரவில்லை. லாரி உதவாது என்பதால் வந்தது. ராக்கெட்டுக்குக் காகிதம் வந்ததும் இதே முறையில்தான்.

ராக்கெட் செய்ய என்னென்ன கிடைக்கும் என்று வீட்டுக்குள் போய்ப் பார்க்கலாம். தரைவிரிப்பு சுற்றி வரும் தடித்த அட்டைக் குழாய், வரைபடங்களைத் தபாலில் அனுப்பும் குழாய், கான்கிரீட் தூண் வார்க்கும் அட்டை அச்சு: இவை உடம்பு. சின்னதென்றால் சமையலறைத் துடைப்புத் தாளின் நடுக் குழாயே போதும். கூம்புக்கு ஈஸ்டர் பண்டிகையில் மிட்டாய் போட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் முட்டை. ஏவுகம்பியில் வழுக்கிப் போக, குளிர்பான உறிஞ்சுகுழலில் ஒரு துண்டு. அதிர்ச்சி தாங்கும் கயிற்றுக்கு உள்ளாடையில் தைக்கும் எலாஸ்டிக். பாராசூட்டுக்குக் குப்பைப் பை. சில முறை மடித்து ஒரே வெட்டு வெட்டி, மூலைகளில் டேப் ஒட்டி, நூல் கட்ட வேண்டும். குளிர் நாளில் பிளாஸ்டிக் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரிய மறுக்கும் என்பதால் குழந்தைக்குப் போடும் பவுடரைத் தூவி மடிப்பார்கள். ஏவுதளத்தில் சுற்றிலும் புகையும் எரிந்த வாடையுமாக இருக்க, அந்த ஒரு மடிப்பில் மட்டும் தொட்டில் மணம் வரும்.

உச்சியில் பாராசூட்டை வெளியே தள்ளுவது மோட்டாரின் மேல்முனையில் உள்ள சிறு மருந்து. அது சுடும்போது குப்பைப் பை பொசுங்காமலிருக்க நடுவில் எரியாத அடைப்பு வேண்டும். இதற்கு ராக்கெட்காரர்கள் வாங்குவது அமெரிக்க வீடுகளின் பரணில் குளிர் தடுக்கக் கொட்டும் சாம்பல் நிறப் பொதி. பழைய செய்தித்தாளை அரைத்து, போரேட் உப்பு சேர்த்துத் தீப்பிடிக்காமல் செய்தது. ஒரு மூட்டை வாங்கினால் பல வருடம் வரும். அதற்கு ஏவுதளத்தில் வழங்கும் பெயர் 'நாய் வாந்தி'. பார்த்தவர்களுக்கு ஏன் என்று கேட்கத் தோன்றாது. ஏவிய பிறகு பாராசூட்டோடு அதுவும் உதிர்ந்து மெல்ல இறங்கும், நேற்றைய தலைப்புச் செய்திகளின் துகள்.

பசை விஷயத்தில் இவர்கள் கறார். தச்சர்கள் போடும் வெள்ளைப் பசைதான். ஆனால் துடுப்பின் விளிம்பில் மெல்லியதாகத் தடவி, ஒருமுறை ஒட்டி எடுத்துவிடுவார்கள். அது காகிதத்துக்குள் ஊறிக் காயும். அதன்மேல் மறுபடி தடவி ஒட்டினால் பிறகு ஒட்டு விடாது. இழுத்தால் காகிதமே உரிந்து வரும். கடைசியாகத் துடுப்பும் உடம்பும் சேரும் மூலையில் ஒரு கோடு பசை விட்டு, ஈர விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் திட்டு விழும். தோசைக்கல்லில் மாவு சுழற்றும் கை இதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும்.

ஆனால் மோட்டார் பெரிதாகப் பெரிதாகச் சிக்கனம் ஓரிடத்தில் நின்றுவிடும். அந்த இடம் எழுத்துகளில் குறிக்கப்பட்டிருக்கிறது. மோட்டார்களுக்கு ஏ, பி, சி என்று வகை. ஒவ்வொரு எழுத்தும் முந்தியதன் மொத்த உந்தத்தில் இரட்டிப்பு. சதுரங்கக் கட்டத்தில் நெல் வைக்கச் சொல்லி ராஜாவை ஓட்டாண்டியாக்கிய கணக்குத்தான். ஏ வகையின் உச்சம் 2.5 நியூட்டன்-விநாடி, சிறுவர்கள் பூங்காவில் விடுவது. ஏழு எழுத்து தாண்டி எச் வந்தால் உச்சம் 320. அதாவது 128 மடங்கு. எம் 10,240, அதாவது 4,096 மடங்கு. எச்சில் தொடங்கி மேலே உள்ளவை 'உயர்திறன்'. இதை வாங்கவே சங்கத்தின் சான்று வேண்டும். ஏவும்போது நிற்க வேண்டிய தூரமும் எழுத்தோடு ஏறும். எச்சுக்கு 100 அடி, எம்முக்கு 500.

எச் வகையில் உள்ளாடை எலாஸ்டிக் அறுந்துவிடும். பட்டை நாடா வேண்டும். துடுப்பை வெளியே ஒட்டினால் போதாது. குழாயில் கீறல் வெட்டி உள்ளே செலுத்தி, மோட்டார் உட்காரும் உள்குழாயோடும் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் துடுப்பு படபடவென்று அடித்துக்கொண்டு பிய்ந்துபோகும். பாராசூட் ஒரு விநாடி தாமதித்தால், வேகமெடுத்து விழும் உடம்பை நாடா ஒரு சுண்டு சுண்டும். காகிதக் குழாய் நுனியிலிருந்து கீழ்வரை பிளந்துகொள்ளும். அதற்கு 'ஜிப்பர்' என்று பெயர். பாராசூட் வராமலே தலைகுத்தி மண்ணில் நட்டுக்கொண்டால் 'லான் டார்ட்'. ஒவ்வொரு தோல்விக்கும் இவ்வளவு செல்லமாகப் பெயர் வைத்தவர்கள் எவ்வளவு முறை தோற்றிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ராக்கெட் நேரே போகுமா? தீபாவளிக்குக் காலி பாட்டிலில் ராக்கெட் வைத்தவர்கள் அத்தனை பேருக்கும் விடை கையில் இருந்தது. அந்த நீளக் குச்சி. குச்சியை உடைத்துவிட்டுக் கொளுத்தினால் எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போகும். குச்சிக்குப் பதில்தான் துடுப்பு. எடையெல்லாம் சேர்ந்து நிற்கும் ஈர்ப்பு மையம் முன்னால், காற்று தள்ளும் அழுத்த மையம் பின்னால். இரண்டுக்கும் இடையே குழாயின் விட்டமளவு இடைவெளியாவது வேண்டும்.

ஈர்ப்பு மையத்தை விரல்மேல் வைத்தே கண்டுபிடிக்கலாம். அழுத்த மையத்துக்கு நாசாவில் பணியாற்றிய ஜேம்ஸ் பாரோமன் 1966-இல் மாதிரி ராக்கெட்காரர்களுக்காகவே எளிய சமன்பாடுகள் செய்து தந்தார். அதற்கு முந்தைய வழி இன்னும் அழகானது. ராக்கெட்டின் பக்கத் தோற்றத்தை அட்டையில் வரைந்து, துடுப்போடு சேர்த்துக் கத்தரித்து, அந்த அட்டையை ஸ்கேலின் விளிம்பில் வைத்துச் சமன் செய்ய வேண்டும். சமன் நிற்கும் கோடுதான் அழுத்த மையம் என்று வைத்துக்கொள்ளலாம். துல்லியம் குறைவு, ஆனால் தப்புவது பாதுகாப்பான பக்கமாகத் தப்பும். இன்னும் சந்தேகமா? ராக்கெட்டின் ஈர்ப்பு மையத்தில் கயிறு கட்டி, நடுத்தெருவில் நின்று தலைக்குமேல் சுழற்றலாம். மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு சுற்றினால் நல்லது. குறுக்கே புரண்டால் நுனியில் களிமண் அடைக்க வேண்டும். பக்கத்து வீட்டார் என்ன நினைத்தாலும் சுற்றித்தான் ஆக வேண்டும்.

இதில் பெரியவர்களும் தடுமாறியிருக்கிறார்கள். 1926 மார்ச் 16 அன்று மாசசூசெட்ஸின் ஆபர்னில், எஃபி அத்தையின் பண்ணையில், ராபர்ட் கோடார்ட் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை விட்டார். எஞ்சினை மேலே வைத்தார். எரிபொருள் தொட்டிகளைக் கீழே தொங்கவிட்டார். ஊசல் குண்டு போலத் தொங்குவது தானே நேராக நிற்கும் என்ற எண்ணம். தொட்டி தொங்கினாலும், ராக்கெட் சாய்ந்தால் உந்தும் திசையும் கூடவே சாயும் என்பதால் அந்த ஏற்பாட்டுக்குப் பலனில்லை. இரண்டரை விநாடி பறந்து, 41 அடி உயர்ந்து, 184 அடி தள்ளி முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தது. அவர் மனைவி எஸ்தர் கையில் படக்கருவி இருந்தது. சாவி கொடுத்த ஸ்பிரிங் சில விநாடியில் தீர்ந்து நின்றுவிட, பறந்த காட்சி மட்டும் பதிவாகவில்லை. இன்று பள்ளிப் பிள்ளைகள் ஸ்கேல்மேல் அட்டை வைத்துத் தெரிந்துகொள்வது அந்த மேதைக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.

விதி புரிந்துவிட்டால் எதையும் பறக்கவிடலாம் என்ற திமிர் வரும். அமெரிக்க ஏவுதளங்களில் இதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. கிரேயான் வடிவத்தில் செய்த பெரிய பிளாஸ்டிக் உண்டியலுக்குள் மோட்டாரைப் பொருத்தி விடுகிறார்கள். பந்துருட்டு விளையாட்டின் கனத்த பந்தை ஏற்றி இறக்குகிறார்கள். ஒரு குழு நடமாடும் கழிப்பறை ஒன்றையே மிச்சிகனில் மேலே அனுப்பியது. முட்டை ஏற்றுவது தனிக்கலை. 2003-இலிருந்து பள்ளி மாணவர்களுக்கென நாடளாவிய போட்டியே நடக்கிறது. பச்சை முட்டையைக் குறித்த உயரத்துக்குக் கொண்டுபோய் ஓடு விரியாமல் தரையிறக்க வேண்டும். உடைந்தால் அந்தப் பறப்பு கணக்கில்லை.

அடுப்படியில் இன்னொரு பொருளும் இருக்கிறது, சர்க்கரை. அதை வைத்து எரிபொருள் காய்ச்சுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், அவர்களில் தேர்ந்தவர்களும் உண்டு, அதற்கென்று தனி மைதானமும் தனி விதியும் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் 'வீட்டுப் பொருளில் ராக்கெட்' என்றதும் பலருக்கு முதலில் இதுவே ஞாபகம் வருவதுதான் கோளாறு. சிக்கனத்தைக் கொண்டுபோய் அது இருக்கக்கூடாத இடத்தில் வைப்பது அது. உயர்திறன் மோட்டார்களுக்குள் இருப்பது ரப்பரில் குழைத்த அம்மோனியம் பெர்குளோரேட். விண்வெளி ஓடத்தின் பக்கவாட்டு உந்திகளில் எரிந்ததற்கு ஒன்றுவிட்ட தம்பி. விலை அதிகம்தான். ஒரு மோட்டார் காசில் பல உடம்புகள் செய்யலாம். அந்தக் காசு கொடுத்து வாங்குவது எல்லாம் ஒன்றே: முன்பின் தெரியாத ஒருவர், ஒரே மாதிரி ஆயிரம் முறை செய்துபார்த்த அலுப்பு.

அந்த ரப்பர் வெடிமருந்தா, வெறுமனே எரிகிற பொருளா என்று ஒன்பது வருடம் வழக்கு நடந்தது. அமெரிக்க அரசின் ஆயுத, வெடிமருந்துத் துறை அதை வெடிமருந்துப் பட்டியலில் வைத்திருந்தது. 2000-இல் இரண்டு ராக்கெட் சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2009 மார்ச்சில் நீதிபதி ரெஜி வால்டன் பட்டியலிலிருந்து நீக்கினார். பொழுதுபோக்குக்காரர்கள் தங்கள் சந்தாப் பணத்தில் ஒரு பெரிய அரசுத் துறையை எரிவேகக் கணக்கில் தோற்கடித்தார்கள். அடுத்த மாதமே மேரிலாந்தில், 36 அடி உயர சாட்டர்ன்-5 மாதிரி ஒன்று, 1,600 பவுண்டுக்கு மேல் எடையோடு, 4,441 அடி ஏறிப் பாராசூட்டில் இறங்கியது. அதை முக்கியமாக ஒரே ஆள் தன் இடத்தில் வைத்துக் கட்டியிருந்தார்.

உயர்திறன் மோட்டார் வாங்கத் தேவையான முதல் நிலைச் சான்றுக்கு அவ்வளவு வேண்டாம். எச் அல்லது ஐ மோட்டாரில் ஒரு பறப்பு. எவ்வளவு உயரம் போனது என்று யாரும் கேட்பதில்லை. பாராசூட் விரிந்ததா, பறந்தது திரும்பக் கைக்கு வந்ததா, அதே உடம்பில் அன்றே மறுபடி ஏவலாமா என்றுதான் பார்க்கிறார்கள். மேலே போனது பாதித் தேர்வுகூட இல்லை.

அதனால் ஏவுதளத்தில் அதிக நேரம் போவது தேடுவதில். காற்று கொஞ்சம் இழுத்தால் பாராசூட் சோளக்காட்டுக்குள் இறங்கிவிடும். ஆளுயரப் பயிர், திசை பிடித்து நேரே நடப்பதாக நினைப்பவர் பத்து வரப்புக்குள் வளைந்துவிடுவார். இறங்கிய இடத்துக்கு நேர் பின்னால் தெரிந்த மரத்தையோ கம்பத்தையோ கண்ணில் வைத்துக்கொண்டு, அதைவிட்டுப் பார்வையை எடுக்காமல் நடக்கப் பழகியிருக்கிறார்கள். கிடைக்காமல் போவதும் உண்டு. அதற்காகவே குழாயின் பக்கவாட்டில், அழியாத மையில், தொலைபேசி எண் எழுதியிருக்கும். அறுவடை இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு விவசாயி கீழே இறங்கி, வெயிலில் வெளுத்த அட்டைக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்த எண்ணுக்குப் போன் செய்து, "உங்களுடையது ஒன்று என் வயலில் கிடக்கிறது" என்று சொல்லும்போது மாதக்கணக்கு ஆகியிருக்கலாம். காகிதம் ஊறி உப்பியிருக்கும். துடுப்பு மட்டும், ஒட்டிய இடத்தில், அப்படியே இருக்கும்.